கரிசல் வெயிலும் மறதிப் பரிசோதனையும்

அல்சைமர் நோயின் தடயத்தை ரத்தத்திலேயே கண்டறியும் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்க அரசு முதன்முதலாக அனுமதி கொடுத்தது. மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படியும்போது ரத்தத்தில் கூடும் பி-டாவ் 217 என்ற புரதத்தை, ரத்தத்திலுள்ள அமிலாய்டோடு ஒப்பிட்டு அது அளக்கிறது. நல்ல வரவுதான். ஆனால் அது கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் வந்து சேரும் முன்பே, அரசு ஆஸ்பத்திரியில் எடுக்கும் சாதாரண ரத்தச் சோதனைகளை மூளை நலத்தோடு சேர்த்துப் பார்க்கப் பழக வேண்டும் என்பது என் கட்சி. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, மூளையில் அந்தப் படிவு இல்லாமலேயே பி-டாவ் 217 உயரக்கூடும். கரிசலில் பருத்தி எடுப்பதும் மிளகாய்ப் பழம் பறிப்பதும் நிழலில்லாத வேலை. வெயிலும் தண்ணீர்க் குறைவும் சிறுநீரகத்தை வாட்டுகின்றன; சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சிறுநீரக நலத்தைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்க்காமல் புதிய சோதனையை மட்டும் நம்பினால், சிறுநீரகம் கெட்டவரை மறதிநோயாளி என்று தவறாக எழுதிவிட நேரும்.

வைட்டமின் பி12 இன்னும் அவசரமான விஷயம். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபின் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரிய உதவி அது. அந்த மாத்திரைகளில் முக்கியமான மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். கம்மங்கூழும் பயறும் அதை ஈடுகட்டாது. பால், முட்டை, மீன், கறியில்தான் அது இருக்கிறது. பி12 குறைவால் வரும் மறதியைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியாலும் மாத்திரையாலும் பெரும்பாலும் தேற்றிவிடலாம். திரும்பப் பெறக்கூடிய நினைவை "வயசாயிட்டா அப்படித்தான்" என்று கைவிடுவது கொடுமை.

ரத்தத்தில் ஒன்று ஏறியிருப்பதாலேயே அதுதான் மறதிக்குக் காரணம் ஆகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. சர்க்கரையை மிகக் கறாராகக் குறைத்தும் நினைவாற்றல் தேறவில்லை என்று அக்கார்ட்-மைண்ட் ஆய்வு காட்டியது. அதனால் சோதனையில் வரும் எண்ணைக் குறைப்பது மட்டுமே குறி ஆகக்கூடாது. ஆனால் ரத்த அழுத்தத்தைக் கூடுதலாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு லேசான அறிவாற்றல் குறைபாடு வருவது ஓரளவு குறைந்தது என்று 2019-இல் ஸ்பிரிண்ட்-மைண்ட் ஆய்வு சொன்னது. எல்லா அளவும் ஒரே எடை கொண்டதல்ல. சரிசெய்யக்கூடியதை முதலில் பிடிக்க வேண்டும். ஏழை ஊருக்குப் பழைய சோதனையே போதும் என்பதல்ல என் வாதம்; பழையது இல்லாமல் புதியதைச் சரியாக வாசிக்க முடியாது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்ற மறதிநோய் இருப்பதாக லாசி-டாட் ஆய்வு கணித்தது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அதனால், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி பிரஷர் பார்க்க வரும் தன்னார்வலர் கையிலேயே நினைவு பற்றிய சில கேள்விகளையும் கொடுக்கலாம். தீப்பெட்டி ஆபீசில் ஆயுளைக் கழித்த, எழுத்து தெரியாத பாட்டியும் பதில் சொல்லும்படி அவை இருக்க வேண்டும்: இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த மாசம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?