சோலார் மின்சாரம் நல்லதுதானே... அப்புறம் ஏன் கானமயில் சாகுது? நிறுவனங்களின் பொறுப்பு என்ன? முழு விளக்கம்

புகை இல்லை, சாம்பல் இல்லை. அதனால்தான் சோலார், காற்றாலை மின்சாரத்தை 'பசுமை மின்சாரம்'னு சொல்றோம். ஆனால், அந்த மின்சாரத்தை எடுத்துச் செல்லும் கம்பிகளே ராஜஸ்தானில் ஒரு பறவை இனத்துக்கு எமனாக மாறியிருக்கின்றன. இதற்காக உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில், 2025 டிசம்பரில் முக்கியத் தீர்ப்பு வந்தது. என்ன பிரச்னை? நிறுவனங்கள் என்ன செய்யணும்? பார்க்கலாம்.

கானமயில்னா மயிலா?

இல்லை. புல்வெளியில் வாழும் வேறொரு பெரிய பறவை. சுமார் 1 மீட்டர் உயரம், ஆண் பறவை 15 கிலோ வரை எடை இருக்கும். பறக்கக்கூடிய பறவைகளில் மிகக் கனமானவற்றில் இதுவும் ஒன்று. ஒரு காலத்தில் தமிழ்நாடு உட்பட பல மாநிலங்களில் இருந்தது. வேட்டையாலும், புல்வெளிகள் அழிந்ததாலும் எண்ணிக்கை சரிந்தது. இன்று காட்டில் மிஞ்சியிருப்பவை சுமார் 150 மட்டுமே. அதில் பெரும்பாலானவை ராஜஸ்தானின் ஜெய்சால்மர் பகுதியில் வாழ்கின்றன.

இவ்வளவு பெரிய கம்பி கண்ணுக்குத் தெரியாதா?

கானமயிலின் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. பக்கவாட்டுப் பார்வை நன்றாக இருக்கும், நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. உடல் கனமும் அதிகம். கம்பியைக் கடைசி நொடியில் பார்த்தாலும் சட்டென்று திரும்ப முடியாமல் மோதிவிடும்.

தார் பாலைவனத்தில் சுமார் 4,200 சதுர கி.மீ. பரப்பில் மட்டும், மின்கம்பிகளால் ஆண்டுக்கு ஏறத்தாழ 84 ஆயிரம் பறவைகள் சாகின்றன என்பது இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் கானமயில்கள் சுமார் 18. சின்ன எண்ணிக்கை மாதிரி தெரியலாம். ஆனால், இருப்பதே 150. பெண் பறவை பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும், அதுவும் வெறும் தரையில். நாய், நரியிடம் தப்பிக்கிற முட்டையும் கொஞ்சம்தான். இழப்பு எந்த வேகத்தில் நடக்கிறதோ, அந்த வேகத்தில் பிறப்பு நடப்பதில்லை.

வழக்கு கடந்து வந்த பாதை

* 2019: ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் வனவிலங்கு ஆர்வலருமான எம்.கே.ரஞ்சித்சிங் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றத்தை நாடினர்.
* 2021 ஏப்ரல்: ராஜஸ்தான், குஜராத்தில் சுமார் 99 ஆயிரம் சதுர கி.மீ. பரப்பில் மின்கம்பிகளை முடிந்தவரை பூமிக்கு அடியில் கொண்டு செல்ல நீதிமன்றம் உத்தரவிட்டது.
* 2024 மார்ச்: அவ்வளவு பெரிய பரப்புக்கும் ஒரே உத்தரவு நடைமுறைக்கு ஒத்துவராது என்று கூறி, முடிவைப் பரிந்துரைக்க நிபுணர் குழு அமைத்தது.
* 2025 டிசம்பர்: ராஜஸ்தானில் 14,013 சதுர கி.மீ., குஜராத்தில் 740 சதுர கி.மீ. பரப்பை முன்னுரிமைப் பகுதியாக ஏற்றது. அங்கே புதிய காற்றாலைகளுக்கும், 2 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதிய சோலார் நிலையங்களுக்கும் தடை. ஆபத்தான சில மின்பாதைகளைப் புதைக்கவும், இடம் மாற்றவும் 2 ஆண்டு கெடு.

எல்லாக் கம்பியையும் புதைச்சுட்டா முடிஞ்சுதே?

அங்கேதான் சிக்கல். குறைந்த அழுத்தக் கம்பியைப் புதைக்கலாம். நூற்றுக்கணக்கான கிலோ வோல்ட் பாயும் பாதையை நெடுந்தூரம் புதைப்பது தொழில்நுட்ப ரீதியாகக் கடினம், செலவும் பல மடங்கு. 2030-க்குள் 500 ஜிகாவாட் புதைபடிவம் சாரா மின்திறன் என்பது இந்தியாவின் இலக்கு. அதற்கு வெயில் கொளுத்தும் ராஜஸ்தான் தேவை என்பது மத்திய அரசின் வாதம். நிலக்கரியைக் குறைக்காவிட்டால் பருவநிலை மாற்றம் பறவைகளையும் சேர்த்தே பாதிக்கும் என்பதும் உண்மை.

அப்போ நிறுவனங்கள் என்ன செய்யணும்?

உலக அளவில் பின்பற்றப்படும் வழிமுறையில் நாலு படிகள் உண்டு. வரிசை ரொம்ப முக்கியம்.

1. தவிர்ப்பது: பறவைகள் வாழும், பறக்கும் இடத்தை முன்கூட்டியே ஆய்வு செய்து, அங்கே திட்டமே போடாமல் இருப்பது.

2. குறைப்பது: ஆளுக்கு ஒரு பாதை போடாமல், பல நிறுவனங்களின் கம்பிகளை ஒரே வழித்தடத்தில் கொண்டு செல்வது. பறவைக்குக் கம்பி தெரியும்படி டைவர்ட்டர் எனப்படும் தகடுகளை மாட்டுவது. ஆனால், தகடு மோதலைக் குறைக்குமே தவிர, முழுசா தடுக்காது.

3. மீட்பது: கட்டுமானத்தால் கெட்டுப்போன புல்வெளியைத் திரும்பச் சீரமைப்பது.

4. ஈடு செய்வது: மேலே உள்ள மூன்றும் போக மிஞ்சும் சேதத்துக்கு வேறு இடத்தில் பாதுகாப்புப் பணி செய்வது.

பல நேரம் நடப்பது தலைகீழ். இடத்தை முதலில் பிடித்துவிட்டு, கடைசியில் நிதி கொடுத்து முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். மரத்தை வெட்டினால் வேறு இடத்தில் கன்று நடலாம். 150-ல் ஒன்று செத்தால், ஈடாக எந்தக் கானமயிலை எங்கிருந்து கொண்டு வருவது? அதனால் இந்தப் பறவையைப் பொறுத்தவரை, முதல் படியில் எடுக்கும் முடிவுதான் எல்லாமே.

சட்டத்தில் ஓட்டை எங்கே?

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின்படி, சோலார் தகடு மின் நிலையங்களுக்கு முன் அனுமதி கட்டாயமில்லை. இன்னொரு பக்கம், வருவாய்த்துறைக் கணக்கில் புல்வெளிகள் 'தரிசு' என்றே பதிவாகியிருக்கின்றன. ஜெய்சால்மரில் 'ஓரண்' எனப்படும், கிராம மக்கள் தலைமுறையாகக் காத்துவரும் கோயில் நிலங்கள் வழியாகவும் மின்பாதைகள் போவதை எதிர்த்து மக்கள் போராடி வருகிறார்கள். காகிதத்தில் தரிசு, ஆனால் அது ஆடுமாடுகளுக்கு மேய்ச்சல், பறவைக்கு வீடு.

அடுத்து என்ன?

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்பதில் சுற்றுச்சூழலைக் காப்பதும் அடங்கும் என்று 2025 தீர்ப்பு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ராஜஸ்தானில் உள்ள இனப்பெருக்க மையங்களில் 60-க்கும் மேற்பட்ட கானமயில்கள் வளர்கின்றன. 2024-ல் செயற்கைக் கருவூட்டல் மூலமும் ஒரு குஞ்சு பிறந்தது. என்றாவது ஒருநாள் இவற்றைக் காட்டில் விடணும். அதற்குள் அங்கே இருக்கிற ஆபத்தான கம்பிகள் அகற்றப்படுமா என்பது, நீதிமன்றம் கொடுத்த 2 ஆண்டுக்குள் தெரிந்துவிடும்.