உதவிக் குரல் படகை அடைந்த வழி

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் விநாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. இரவோடு இரவாக அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஈக்காட்டுத்தாங்கல் வீடுகளுக்குள் புகுந்தது. விமான நிலைய ஓடுபாதை மூழ்கியது. மறுநாள் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு வரவில்லை. 1878-ல் தொடங்கிய அந்த நாளிதழுக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை.

செய்தித்தாள் இல்லை, மின்சாரம் இல்லாததால் தொலைக்காட்சியும் இல்லை, பல இடங்களில் செல்பேசிச் சிக்னலும் இல்லை. ஆனாலும் மொட்டை மாடிகளில் சிக்கியிருந்த ஏராளமானோரின் முகவரிகள் வெளியே வந்தன. அவற்றைத் தேடிப் படகுகளும் போயின. அது எப்படி நடந்தது என்று பார்த்தால், சமூக வலைதளம் மனிதரை மனிதரோடு எப்படி இணைக்கிறது என்பதும் விளங்கும்.

முதல் காரணம் தொழில்நுட்பம். செல்பேசியில் பேச வேண்டுமானால், பேசி முடிக்கும்வரை இணைப்பு அறுபடாமல் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் எல்லோரும் அழைத்தால் வலையமைப்பு திணறிவிடும். எழுத்துச் செய்திக்கு அந்த நெருக்கடி இல்லை. அது மிகச் சிறியது. சிக்னல் வரும்வரை கைபேசியிலேயே காத்திருக்கும், சில விநாடிகள் கிடைத்தாலும் போய்ச் சேர்ந்துவிடும். போன பிறகு அதைப் படிக்க, எழுதியவரின் ஊரில் மின்சாரம் இருக்க வேண்டும் என்பதில்லை. பெங்களூருவிலோ சிங்கப்பூரிலோ கணினி முன் இருந்தவர்கள் சைதாப்பேட்டைக்காக வேலை செய்ய முடிந்தது இதனால்தான்.

இரண்டாவது, ஹேஷ்டேக் (#). 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், ட்விட்டர் பதிவுகளைப் பொருள்வாரியாகத் தொகுக்க இந்தக் குறியைப் பயன்படுத்தலாம் என்று முன்மொழிந்தார். இரண்டே மாதத்தில் கலிபோர்னியாவின் சான் டியேகோ பகுதியில் காட்டுத்தீ பரவியபோது அது நடைமுறைக்கு வந்தது. பிறக்கும்போதே பேரிடரோடு பழகிய கருவி என்றே அதைச் சொல்லலாம். சென்னையில் ‘சென்னைரெயின்ஸ்ஹெல்ப்’ என்ற குறியோடு ஒருவர் எழுதினால், அவரை அறவே அறியாத ஒருவரும் அதைக் கண்டுபிடிக்கலாம். உதவி கேட்பவரை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பது பொருட்டே அல்ல.

இந்த அறிமுகமில்லாத தொடர்புதான் விஷயத்தின் மையம். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைப் பற்றியது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தகவல் தந்தவர்கள் நெருங்கிய நண்பர்கள் அல்ல, எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்கள்தாம் என்று அவர் காட்டினார். காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. தூரத்து அறிமுகம்தான் வேறொரு வட்டத்தின் செய்தியைக் கொண்டுவரும். வெள்ளத்தில் சிக்கிய குடும்பத்தின் உறவினர்களும் பெரும்பாலும் அதே ஊரில், அதே தண்ணீரில்தான் இருப்பார்கள். படகு வைத்திருப்பவரோ நண்பரின் நண்பருக்குத் தெரிந்தவராக இருப்பார். அந்தச் சங்கிலி நாம் நினைப்பதைவிடக் குட்டையானது. ஃபேஸ்புக் 2016-ல் தன் 159 கோடிப் பயனர்களை வைத்துக் கணக்கிட்டபோது, எந்த இருவருக்கும் நடுவே சராசரியாக மூன்று அல்லது நான்கு பேர்தான் இருந்தார்கள்.

ஆனால் சங்கிலி இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. 2015-ல் அதை வேலை செய்ய வைத்தவர்கள் பெயர் தெரியாத தன்னார்வலர்கள். ஒரே கோரிக்கை நூறு முறை பகிரப்பட்டுக்கொண்டிருந்தது. காலையில் மீட்கப்பட்டவரின் எண் இரவிலும் சுற்றிக்கொண்டிருந்தது. பதிவுகளை எடுத்துப் பொதுவான விரிதாளில் ஏற்றி, அவற்றில் இருந்த எண்ணை அழைத்து, “இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா, எத்தனை பேர், நோயாளி யாராவது உண்டா” என்று கேட்டு, மீட்கப்பட்டவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கும் சலிப்பான வேலையைச் சிலர் இரவு பகலாகச் செய்தார்கள். ‘சென்னைரெயின்ஸ்’ இணையதளம் அப்படித் திரண்ட பட்டியல்களுக்கு ஓர் இடமானது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டு உருவான ஒரு வரைபடத்தில், தண்ணீர் நிற்கும் தெருக்களைப் பொதுமக்களே குறித்தார்கள். வேகத்தைத் தளம் தந்தது. தகவலை நம்பத்தக்கதாக ஆக்கியவர்கள் இவர்கள். நன்றி சொல்வதானால் முதலில் இவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

அதே நாட்களில் அதே வழியில் பொய்யும் ஓடியது. சென்னை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றது ஒரு வாட்ஸ்ஆப் செய்தி; பண்ணை நிர்வாகம் மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. இன்னும் 250 செ.மீ. மழை பெய்யும் என்று நாசா எச்சரித்ததாக இன்னொன்று. நாசா அப்படி எதையும் சொல்லவில்லை. மூன்று நாள் தூங்காத ஊரில் இப்படிப்பட்ட செய்தி என்ன பாடுபடுத்தும் என்று சொல்லத் தேவையில்லை.

பொய்க்கு ஏன் இவ்வளவு வேகம்? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். மெய்யைவிடப் பொய் மறுபடி பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரை எட்ட மெய்க்குப் பொய்யைப்போல ஆறு மடங்கு நேரம் ஆனது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை, பரப்பியவர்கள் மனிதர்களே. புதுமையும் திகைப்பும் பகிரத் தூண்டுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அப்படியானால் தளத்தின் அமைப்பை மாற்றினால் பலன் உண்டா? உண்டு. குழந்தை கடத்தல் வதந்திகளால் இந்தியாவின் பல இடங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்ஆப் இங்கே ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்தது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுவதற்குமானது. 2020 ஏப்ரலில், பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்திகளை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றானதும், அத்தகைய முன்னனுப்பல் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது. கூடுதலாக ஒரு முறை விரலால் தட்ட வேண்டியிருந்தால் போதும், பலர் நின்று யோசிக்கிறார்கள்.

எதிர்த் திசையிலும் மாற்றங்கள் நடந்திருக்கின்றன. ட்விட்டர் பதிவுகளை மென்பொருள் மூலம் இலவசமாகத் திரட்டும் வசதியை நிறுத்தப்போவதாக அந்நிறுவனம் 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அறிவித்தது. அதே மாதம் 6-ம் தேதி துருக்கியில் பெரும் நிலநடுக்கம். இடிபாடுகளில் சிக்கியவர்களின் பதிவுகளைத் திரட்டிக்கொண்டிருந்த மென்பொருள் வல்லுநர்கள் அந்த அறிவிப்பைக் கைவிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. உயிர் காக்கும் வழி ஒரு தனியார் நிறுவனத்தின் கட்டண முடிவைச் சார்ந்திருப்பது கவலைக்குரியது. அரசுகள் இதில் தலையிட்டு, பேரிடர்க் காலத்துக்காவது விதிவிலக்கு பெற்றுத் தர வேண்டும்.

இன்னொரு சிக்கல் காலவரிசை. இன்றைய தளங்கள் பலவும் பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதில்லை. அதிகம் பேர் தொட்டதை மேலே தூக்குகின்றன. நேற்றைய உதவிக் கோரிக்கை இன்று காலை புதிதுபோல வந்து நிற்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. பெய்து தாமிரபரணிக் கரை மிதந்ததுபோல இனியும் நடக்கலாம். அப்போது உதவி கேட்டு எழுதுபவர் தேதி, நேரம், தெருவோடு கூடிய முகவரி, எத்தனை பேர் என்ற நான்கையும் பதிவிலேயே எழுதிவிட வேண்டும். மீட்கப்பட்டதும் பதிவை நீக்க வேண்டும். அழைப்பு கிடைத்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநில அறையின் 1070 ஆகிய எண்களிலும் சொல்லிவிட வேண்டும். அரசு மீட்புக் குழுவைத் தெருவுக்கு அனுப்புவது அந்த அறைகள்தாம்.