இன்டர்ன்ஷிப்: சான்றிதழ் மட்டும் போதுமா? வடசென்னை மாணவர்கள் கவனிக்க வேண்டியவை!

எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்பும், மணலியில் சி.பி.சி.எல் சுத்திகரிப்பு ஆலை, ராயபுரத்தை ஒட்டிச் சென்னைத் துறைமுகம், வடக்கே காமராஜர் துறைமுகம்... வடசென்னையில் தொழில்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், ஆலைச் சுவரை ஒட்டி வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அந்த கேட்டைத் தாண்டி உள்ளே போகும் வழி தெரிவதில்லை. கல்லூரியில் இன்டர்ன்ஷிப் கேட்டால், ஆன்லைனில் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. அந்தச் சான்றிதழ் மதிப்பெண் தரலாம், வேலை தருமா?

மாணவருக்கு என்ன லாபம்?

ஓர் உதாரணம். சரக்கு ஏற்றிய கன்டெய்னரின் எடையைச் சரிபார்த்துத் தெரிவிக்காமல் கப்பலில் ஏற்றக் கூடாது. 2016 ஜூலை முதல் இது சர்வதேச விதி. பி.காம் மாணவருக்குப் புத்தகத்தில் இது ஒற்றை வரி. ஏற்றுமதி அலுவலகத்தில் அமர்ந்து அந்த ஆவணத்தைத் தயாரித்தால்தான், ஓர் எண் தவறினால் யார் யாருடைய வேலை நின்றுபோகும் என்பது புரியும். டீ வாங்கி வரவும் ஜெராக்ஸ் எடுக்கவும் மட்டுமே அனுப்பினால் அந்தப் பாடம் கிடைக்காது.

2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டமும், தொடக்கத்தில் 12 மாதங்களில் குறைந்தது பாதி நேரம் உண்மையான பணிச் சூழலில் கழிய வேண்டும் என்றது. தொடங்கியபோது இது முழுநேரப் படிப்பில் இல்லாத 21 முதல் 24 வயதினருக்கான திட்டமாக இருந்தது.

நிறுவனத்துக்கு என்ன லாபம்?

அரை மணி நேர இன்டர்வியூவில் தெரியாதது, இரண்டு மாதம் கூடவே வேலை பார்த்தால் தெரிந்துவிடும். நேரத்துக்கு வருகிறாரா, தெரியாததைக் கேட்கிறாரா, தவறு நடந்தால் உடனே சொல்கிறாரா என்று பார்த்துவிடலாம். பின்னாளில் அவரையே வேலைக்கு எடுத்தால், அடிப்படையிலிருந்து கற்றுத்தரும் செலவும் மிச்சம். ஆனால், சொல்லித்தர ஓர் ஆளை ஒதுக்காத நிறுவனத்துக்கு இந்த லாபம் கிடைக்காது.

பஸ் காசும் பாதுகாப்பும்

விடுமுறையில் பகுதிநேர வேலைக்குப் போய் வீட்டுக்கு உதவும் மாணவருக்கு, சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் என்பது வருமான இழப்பு. படிப்பு முடித்தவர்களுக்கு இன்னொரு வழி, 1961-ம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படியான அப்ரன்டிஸ் பயிற்சி. 2019-ல் திருத்தப்பட்ட விதிகள், மாதம் குறைந்தபட்சம் பட்டதாரிக்கு 9,000 ரூபாய், டிப்ளோமா முடித்தவருக்கு 8,000 ரூபாய் என உதவித்தொகையை நிர்ணயித்தன. பயிற்சியின்போது காயமடைந்தால் இழப்பீடு பெறும் உரிமையும் இந்தச் சட்டத்தில் உண்டு. இயந்திரங்களும் ரசாயனங்களும் சூழ்ந்த பகுதியில் இது சின்ன விஷயமல்ல. தென்மண்டலத்துக்கான தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியிலேயே இருக்கிறது.

சேரும் முன் கேளுங்கள்

* தினமும் என்ன வேலை தருவீர்கள்?
* யாரிடம் சந்தேகம் கேட்பது?
* உதவித்தொகை அல்லது பயணப்படி உண்டா?
* ஹெல்மெட், பாதுகாப்பு ஷூ யார் தருவார்கள்? அடிபட்டால் யார் பொறுப்பு?

நம்மிடமே பணம் கேட்கிறார்கள் என்றால், பெற்றோர் ஒருமுறைக்கு இருமுறை விசாரிப்பது நல்லது. பதில்களை எழுத்தில் வாங்கிக்கொண்டு, கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலரிடமும் ஒரு நகல் கொடுத்துவிட்டுச் சேருங்கள்.