கொட்டகை நிறைந்தாற் கலை குறையுமா?

கொட்டகையை நிரப்பும் படத்தை ஆக்கியவன் வணிகனேயன்றிக் கலைஞனல்லன் என்பது கற்றோர் பலர் கொள்கை. யானும் மாணாக்கர்க்கு நெடுங்காலம் அவ்வாறே கூறிவந்தேன். அதனை மீள நோக்கச் செய்தவர், இங்கிலாந்திற் பிறந்து 1939இல் அமெரிக்கா சென்ற நெறியாளர் அல்பிரட் ஹிச்கொக்.

1960இல் வெளிவந்த அவரது 'சைக்கோ' ஏறத்தாழ 8 இலட்சம் டொலர் செலவில் உருவாகிப் பன்மடங்கு ஈட்டியது. அதன் குளியலறைக் கொலைக்காட்சி திரையில் ஒரு நிமிடமும் நில்லாது. படம்பிடிக்கவோ ஏழு நாட்கள் சென்றன. கத்தி உடலிற் பாய்வதை நாம் ஏறக்குறையக் காண்பதேயில்லை. ஓங்கிய கை, அலறும் வாய், ஓடும் நீர் எனச் சிறுசிறு துண்டுகளே அடுத்தடுத்து வருகின்றன. பேர்ணாட் ஹேர்மனின் நரம்புக்கருவி இசை அவற்றைப் பிணிக்கின்றது. கொலையை நிறைவுசெய்வது காண்போன் உள்ளமே. குறிப்பாற் பொருளுணர்த்தலைச் செய்யுளிற் போற்றும் நாம், திரையில் அதனை இகழ்வது என்ன நியாயமோ!

வருவாயே கலைக்குச் சான்றென்றும் கூறேன். 1958இல் வந்த அவரது 'வேர்ட்டிகோ' அத்துணை வருவாய் தரவில்லை. ஆயினும் 'சைற் அன்ட் சவுண்ட்' ஏடு 2012இல் நடாத்திய திறனாய்வாளர் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது. இரண்டையும் ஆக்கிய கை ஒன்றே.

பிரான்சிய நெறியாளர் திரூபோ 1962இல் அவரோடு பலநாள் உரையாடி, 1966இல் அதனை நூலாக்கினார். ஹொலிவூட்டோ ஐந்து முறை பரிந்துரைத்தும் சிறந்த நெறியாளர்க்கான ஒஸ்காரை அவருக்கு ஈயவில்லை. 1968இல் தால்பேர்க் நினைவு விருதளித்தபோது, மேடையேறியவர் சில சொற்களில் நன்றி கூறி இறங்கிவிட்டார்.