கட்டளை வரியில் தெரிவுகளை எழுதும் மரபுகள்

கட்டளை வரி இடைமுகத்தில் படவுருக்களைச் சொடுக்குவதற்குப் பதிலாக, விசைப்பலகையில் தட்டச்சுச் செய்யும் சொற்களால் கணினியை இயக்குகின்றோம். கணினி எமது எண்ணத்தை ஊகிக்காது, எழுதியவாறே செய்யும். எனவே சிறுகோடு, இடைவெளி என்பனவும் பொருள் உடையவை.

1. கட்டளையின் பகுதிகள்

லினக்ஸில் கோப்பின் வரிகளை ஒழுங்குபடுத்தும் கட்டளையைக் கருதுக. (கட்டளைகள் இங்கு தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன, கணினியில் ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துக.)

சோர்ட் -என் புள்ளிகள்

• சோர்ட் – கட்டளைப் பெயர். என்ன செய்வது என்பதைக் கூறும்.
• -என் – தெரிவு. எவ்வாறு செய்வது என்பதைக் கூறும்.
• புள்ளிகள் – இலக்கு. எக்கோப்பில் செய்வது என்பதைக் கூறும்.

கட்டளைப் பெயரை அடுத்து வருபவை பொதுவாக ஆர்கியுமென்டுகள் எனப்படும்.

கோப்பில் 9, 45, 100 என்னும் எண்கள் இருப்பின், மேற்படி கட்டளை அவற்றை 9, 45, 100 என ஒழுங்குபடுத்தும். '-என்' தெரிவை விட்டுவிட்டால் விடை 100, 45, 9 ஆகும். காரணம், அப்போது எண்ணின் பெறுமானம் அன்றி முதல் எழுத்துருவே முதலில் ஒப்பிடப்படும்.

2. யுனிக்ஸ், லினக்ஸ் மரபுகள்

இவற்றுட் பல 1992 இல் போசிக்ஸ் நியமத்தில் இடம்பெற்றன.

(அ) ஓரெழுத்துத் தெரிவின் முன் ஒரு சிறுகோடு இடப்படும். '-ஆர்' இறங்கு வரிசையைத் தரும்.
(ஆ) பெறுமானம் வேண்டாத தெரிவுகளைச் சேர்த்து எழுதலாம். '-என் -ஆர்' என்பதும் '-என்ஆர்' என்பதும் ஒன்றே.
(இ) சில தெரிவுகளுக்குப் பெறுமானம் வேண்டும். '-ஓ முடிவு' எனின், விடை 'முடிவு' என்னும் கோப்பில் எழுதப்படும். அப்பெயரில் ஏற்கெனவே கோப்பு இருப்பின் அதன் உள்ளடக்கம் இழக்கப்படும்.
(ஈ) முழுச்சொல் தெரிவின் முன் இரு சிறுகோடுகள் இடப்படும். இது க்னூ மென்பொருள்களின் மரபாகும். உதாரணம்: --ரிவேர்ஸ், --ஹெல்ப்.
(உ) தனித்து வரும் '--' தெரிவுகள் முடிந்தன எனக் காட்டும். '-ஆர்' எனப் பெயரிடப்பட்ட கோப்பை அழிக்க 'ஆர்எம் -- -ஆர்' என எழுதுதல் வேண்டும்.
(ஊ) ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுபட்ட தெரிவுகளாகக் கொள்ளப்படும்.

3. விண்டோஸ் மரபு

எம்எஸ்-டொஸ் வழிவந்த கட்டளைகளில் சிறுகோட்டுக்குப் பதிலாகச் சாய்கோடு இடப்படும். இறங்கு வரிசைக்கு 'சோர்ட் /ஆர்' எனவும் உதவி பெற '/?' எனவும் எழுதலாம். சாய்கோடு தெரிவுகளுக்குப் பயன்பட்டதால், 1983 இல் எம்எஸ்-டொஸ் 2.0 கோப்புறைகளை அறிமுகப்படுத்தியபோது அவற்றின் பெயர்களைப் பிரிக்கப் பின்சாய்கோடு பயன்பட்டது.

மாதிரி வினா

'கணிதப் புள்ளிகள்' என்னும் கோப்பை அழிக்க மாணவர் ஒருவர் 'ஆர்எம் கணிதப் புள்ளிகள்' எனத் தட்டச்சுச் செய்தார். தவறு யாது? எவ்வாறு திருத்தலாம்?

விடை: இடைவெளி இருப்பதால் 'கணிதப்', 'புள்ளிகள்' என்பன இரு இலக்குகளாகக் கொள்ளப்படும். 'புள்ளிகள்' என்னும் வேறொரு கோப்பு இருப்பின் அதுவே அழிந்துவிடும். இவ்வாறு அழிந்தது மீள்சுழற்சித் தொட்டிக்குச் செல்லாது. பெயர் முழுவதையும் மேற்கோட் குறிகளுக்குள் எழுதுதல் வேண்டும்.

நினைவிற் கொள்க: அழிக்கும் கட்டளையில் '-ஐ' தெரிவைச் சேர்த்தால், ஒவ்வொரு கோப்பையும் அழிக்குமுன் கணினி உங்கள் சம்மதத்தைக் கேட்கும்.