லொகேஷன் சீக்கிரம் வேணும், ஆனா பழசு வேணாம்!

அபிராமபுரத்துல ஃப்ரெண்ட் வீட்டு கிரவுண்ட் ஃப்ளோர்ல உட்கார்ந்து எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை டெஸ்ட் பண்ணினோம். ஆபத்துன்னா பட்டனை அழுத்தணும், வீட்டுக்கு லொகேஷன் போகணும். அழுத்தின உடனே மெசேஜ் போச்சு. ஆனா அதுல இருந்தது, ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி நாங்க டீ குடிச்ச தி.நகர்! நிஜமான ஆபத்தா இருந்திருந்தா உதவி தப்பான இடத்துக்குப் போயிருக்கும். 2018-ல் தமிழ்நாடு காவல்துறை கொண்டுவந்த 'காவலன் எஸ்ஓஎஸ்' மாதிரி ஆப்களுக்கு லொகேஷன்தான் உயிர்.

ஏன் லேட் ஆகுது?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்துல சுத்துது. நம்ம இடத்தைக் கணக்குப் போட குறைஞ்சது நாலு செயற்கைக்கோளோட சிக்னல் வேணும். ஒவ்வொன்னும் தன்னோட சுற்றுப்பாதை விவரத்தை விநாடிக்கு வெறும் 50 பிட் வேகத்துல அனுப்புது. 30 விநாடிக்கு ஒரு தடவைதான் அது திரும்ப வரும். டேட்டா ஆன்ல இருந்தா, போன் அந்த விவரத்தை நெட்டுல இருந்தே சட்டுன்னு எடுத்துக்கும். இதுதான் ஏ-ஜிபிஎஸ். வீட்டுக்குள்ள சிக்னல் சரியா வராது. அப்போ பக்கத்துல இருக்கிற வைஃபை, செல் டவரை வெச்சு போன் குத்துமதிப்பா ஒரு இடம் சொல்லும்.

அப்போ என்ன பண்ணலாம்?

ஆண்ட்ராய்டுல 'ஃபியூஸ்ட் லொகேஷன் ப்ரொவைடர்' இது எல்லாத்தையும் சேர்த்துத் தரும். அதை இந்த வரிசையில பயன்படுத்துங்க:

1. கடைசியா தெரிஞ்ச லொகேஷனைக் கேளுங்க. உடனே கிடைக்கும், சில நேரம் காலியாவும் வரும். அது எடுத்து எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கட்டாயம் பாருங்க. நாங்க கோட்டை விட்டது இங்கதான்.

2. அதே நேரத்துல புது லொகேஷனையும் கேளுங்க. காத்திருக்க ஒரு டைம் லிமிட் வையுங்க.

3. கூடவே வர்ற துல்லியத்தையும் அனுப்புங்க. '50 மீட்டர்'னு வந்தா, அந்த வட்டத்துக்குள்ள நீங்க இருக்க 68% வாய்ப்புன்னு அர்த்தம். அதனால மேப்ல புள்ளி மட்டும் போதாது, வட்டமும் போடுங்க.

4. இன்னும் நல்ல லொகேஷன் வந்தா மறுபடி அனுப்பிட்டு, கேட்கிறதை நிறுத்துங்க. இல்லேன்னா பேட்டரி காலி.

இன்னொன்னு: ஆண்ட்ராய்டு 12-லேர்ந்து யூசர் 'தோராய லொகேஷன் மட்டும்'னு அனுமதி கொடுக்கலாம். அப்படின்னா எவ்வளவு காத்திருந்தாலும் தெரு வரைக்கும் தெரியாது. ஏன் துல்லியம் வேணும்னு அவங்களுக்குப் புரியற மாதிரி முதல்லயே சொல்லிடுங்க.

இதையெல்லாம் மாத்தி அதே வீட்டுல மறுபடி அழுத்தினோம். முதல் மெசேஜ்ல பெரிய வட்டம், 'ஒரு மணி நேரம் பழசு'ங்கிற குறிப்போட. சில விநாடியில ரெண்டாவது மெசேஜ்: அபிராமபுரம், சரியான தெரு. உங்க ஆப்பையும் மொட்டை மாடியில மட்டும் டெஸ்ட் பண்ணாதீங்க. பஸ்ல வேற ஏரியாவுக்குப் போய் இறங்கி, ஒரு வீட்டுக்குள்ள போய், டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவை அழுத்திப் பாருங்க.