சிதறால் குகையின் கல் எங்கே போனது?

மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் மலைக்கோவிலுக்கு ஏறிப்போகிறவர்கள் பாறைமுகத்தில் செதுக்கிய பார்சுவநாதரையும் பத்மாவதியையும் அம்பிகாவையும் பார்த்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நிற்க வேண்டிய சிற்பங்கள்தான். ஆனால் கொஞ்சம் நிமிர்ந்து, கோவிலுக்கு மேல் கூரையாகக் கவிந்திருக்கும் பெரும்பாறையின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். சிற்பத்தைச் செதுக்கிய கை அந்தக் குடைவைச் செதுக்கவில்லை. 9-ஆம் நூற்றாண்டில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், குணந்தாங்கிக் குரத்தியார் என்ற சமணத் துறவி இங்குள்ள தெய்வத்துக்குப் பொன்னணி கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அப்போதே இந்தக் குகை மிகப் பழையது.

குகை என்றதும் பாடப்புத்தகம் சுண்ணாம்புப் பாறையைத்தான் காட்டும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது, சுண்ணாம்பைக் கரைக்கிறது. ஆந்திரத்தின் போரா குகைகளும், மேகாலயத்தில் 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் லியத் பிரா குகையும் அப்படி உருவானவை. குமரி மாவட்டத்து மலைகளில் அந்தக் கதை செல்லாது. இங்கே இருப்பது சார்னோக்கைட், கார்னெட் கலந்த நைஸ், கோண்டலைட். எல்லாம் கருங்கல் இனம், தண்ணீரில் கரையாதவை. கரையாத கல்லில் குகை எப்படி வந்தது என்பதுதான் இந்த மாவட்டத்துக்கு உரிய கேள்வி.

பதில் நிலத்துக்கு அடியில் தொடங்குகிறது. இந்தப் பாறைகள் இப்போதைய உருவத்தைப் பெற்றது 20 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும். மேலே கிடந்த பாறைச் சுமை கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிக்கப்பட்டுப் போக, அழுத்தம் தளர்ந்த பாறை விரிந்தது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாக ஏடு ஏடாக வெடித்தது. நெட்டுக்குத்தான விரிசல்களும் சேர்ந்துகொள்ள, ஒரே மலை பல பெருங்கட்டிகளாகப் பிரிந்தது.

அந்த விரிசல்களில் தண்ணீர் இறங்குகிறது. குமரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி பாறையின் உள்விரிசல்கள் ஈரமாகவே இருக்கும். பாறையில் பெரும்பங்கான ஃபெல்ட்ஸ்பார் கனிமம் அந்த ஈரத்தில் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறுகிறது. மைக்கா தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. இடையில் இருந்த குவார்ட்ஸ் பிடிமானமிழந்து மணலாக உதிர்கிறது. கட்டியின் மூலைகளை இரண்டு மூன்று பக்கத்திலிருந்தும் ஈரம் தாக்குவதால் அவை முதலில் மழுங்கும், கட்டி உருண்டையாகும். இதில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது! பிறகு மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும்போது, உருண்ட பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி வெளியே வருகின்றன. அவற்றின் இடைவெளிதான் நம் பொற்றைகளில், அதாவது பாறைக்குன்றுகளில், காணும் பல குகைகள்.

இன்னொரு வழியும் உண்டு. வெளியே வந்த பாறையின் உச்சி மழை நின்றதும் காய்ந்துவிடும். அடிப்பாகமோ மண்ணின் ஈரத்தோடும் நிழலோடும் இருக்கும், அதனால் சீக்கிரம் சிதையும். அடி உள்வாங்க உள்வாங்க மேற்பாறை முன்னுக்கு நீட்டி நிற்கும். நிழலும் ஈரமும் மேலும் கூடும், குடைவு தன்னைத்தானே ஆழமாக்கிக்கொள்ளும். கடலோரத்தில் உப்பும் இந்த வேலையில் கை கொடுக்கிறது. துளைகளில் உப்புநீர் காய்ந்து, வளரும் படிகங்கள் கல்லின் மணிகளை நெம்பிப் பிரிக்கின்றன.

பழைய துறவிகள் இதில் ஒரு பகுதியைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குகைத்தளங்கள் பலவற்றின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். வீட்டின் இறவாரம் செய்யும் வேலையை அது செய்தது. பாறைமேல் வழியும் மழைநீர் உள்ளே ஓடிவராமல் காடியின் விளிம்பிலேயே சொட்டிவிடும். படுப்பவருக்கும் நல்லது, பாறைக்கும் நல்லது.

இங்கே குமரியிலும், மருந்துவாழ் மலையில் நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகைக்கு ஏறுகிறவர்களும் விரிசல்களையும் உருண்டைகளையும் வழியெங்கும் பார்க்கலாம்.

இந்த வேலையின் வேகம் நம் ஆயுளுக்குள் அடங்காது. உலகின் பல இடங்களில் திறந்து கிடக்கும் பாறைகளை அளந்தவர்களின் கணக்கில் சராசரித் தேய்மானம் 1,000 ஆண்டுகளுக்குச் சுமார் 12 மில்லிமீட்டர். அந்தச் சராசரியை வைத்துப் பார்த்தால், குரத்தியார் பொன் கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை திறந்த பாறையில் ஒரு விரல் தடிமன்கூடப் போயிருக்காது. ஏடு பிளந்து பெருந்துண்டு விழுவது மட்டும் திடீரென்று நடக்கும். வெடிவைத்துக் கல்லெடுக்கும் குவாரி இந்தக் கணக்குகளில் எதிலும் சேராது. குவாரியால் போவது கல் மட்டுமல்ல, பொற்றையின் விரிசல்கள் தண்ணீரைத் தேக்கிச் சுனையாக விடும் கிடங்குகளும்கூட. சிதறால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சிற்பமும் கல்வெட்டும் இல்லாத பொற்றைக்கு அந்தக் காவல் இல்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

சரி, குகையாவதற்கு முன் அங்கே இருந்த கல் எங்கே? களிமண்ணாகவும் மணலாகவும் ஆற்றோடு போயிற்று. குழித்துறையாறு தேங்காப்பட்டணத்தில் கடலைச் சேர்கிறது, வள்ளியாறு மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் கடியபட்டணத்தில். லேசான குவார்ட்ஸ் மணலை அலை எளிதில் இழுத்துக்கொண்டு போகும். கனமான இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் கரையில் தங்கும். அதுதான் மணவாளக்குறிச்சியின் கருமணல். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அதிலுள்ள தோரியம் அந்தக் காலத்தில் காஸ் விளக்கு மேன்டிலுக்குத் தேவைப்பட்டது.

மோனசைட்டில் தோரியமும் யுரேனியமும் சீரான வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டிருக்கின்றன. அந்த ஈயத்தை அளந்தால் படிகம் உருவான காலம் தெரியும். தென்முனைப் பாறைகளின் மோனசைட்டுகள் பெரும்பாலும் சொல்வது சுமார் 55 கோடி ஆண்டு. இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் நம் நிலத்தோடு கோண்டுவானா என்ற ஒரே கண்டமாக இணைந்த காலம் அது. இலங்கையின் மலைநாட்டிலும் மடகாஸ்கரின் தெற்கிலும் இதே இனப் பாறைகளில் இதே வயது கிடைக்கிறது.